விலங்கைக் கண்டு வெட்கப்படாதவன்

வேதபாடம்
வாசிக்கவேண்டிய பகுதி: 2 தீமோத்தேயு 1:15-18, 4:9-22

  

இந்தப் பாடத்தில் நாம் பார்க்கப்போகிற மனிதன் பிரசங்கம் பண்ணினதாக வேதத்தில் ஒரு வரிகூட இல்லை. வியாதியஸ்தரைச் சுகமாக்கினதாகவும் இல்லை. சபை ஸ்தாபித்ததாகவும் இல்லை. பேர்கூட நம்ம வாயில் சீக்கிரம் நுழையாது: ஒநேசிப்போரு. அவனைப் பற்றி எழுதியிருக்கிறதெல்லாம் இரண்டாம் தீமோத்தேயு முதல் அதிகாரத்தில் மூன்று வசனமும், கடைசி அதிகாரத்தில் அவன் வீட்டாருக்குச் சொன்ன ஒரு வாழ்த்துதலும்தான். ஆனாலும் பவுல் அப்போஸ்தலன் தன் ஓட்டத்தை முடிக்கப்போகிற நேரத்தில் நினைத்து நினைத்து நன்றி சொன்ன பேர் இதுதான். ஏன்? அதைத்தான் தியானிக்கப்போகிறோம்.

எபேசுவும் ரோமாபுரியும்

முதலில் பின்னணியைப் பாருங்கள். ஒநேசிப்போரு எபேசு பட்டணத்தில் பவுலுக்கு ஊழியம் செய்தவன். எபேசுவில் பவுல் மூன்று வருஷம் இராப்பகலாக ஊழியம் பண்ணினார் (அப். 20:31). திறன்னுவின் வித்தியாசாலையில் இரண்டு வருஷம் தினந்தோறும் போதித்தார். அப்போஸ்தலர் 19-ம் அதிகாரத்தை வாசித்தால் நமக்கே உடம்பு சிலிர்க்கும். அவர் உடம்பில் பட்ட உறுமால்களையும் கச்சைகளையும் கொண்டுபோய் வியாதிக்காரர் மேல் போட்டார்கள், வியாதி நீங்கிற்று, பிசாசுகள் ஓடிற்று. எப்பேர்ப்பட்ட எழுப்புதல்! அந்த உறுமாலுக்காக எத்தனை பேர் வாசலில் காத்துக்கிடந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சில வருஷம் கழிந்தது. அதே பவுல் ரோமாபுரியில் விலங்கு போட்டுக் கிடக்கிறார். அந்நாட்களில் ரோமச் சிறைக்காரனுக்குச் சாப்பாடும் துணியும் பெரும்பாலும் வெளியிலிருந்து சொந்தக்காரரோ சிநேகிதரோ கொண்டுவந்தால்தான் உண்டு. அதனால்தான் பெரிய அப்போஸ்தலன், தான் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவா, மாரிகாலத்துக்கு முன்னே வந்துவிடு என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். குளிர் அடிக்கிறது, போர்த்திக்கொள்ள ஒன்றும் இல்லை. கி.பி. 64-ல் ரோமாபுரி தீப்பிடித்து எரிந்தபிறகு நீரோ இராயன் கிறிஸ்தவர்கள் மேல் பழி போட்டான். அப்படிப்பட்ட காலத்தில் பவுலைத் தெரியும் என்று சொல்வதே ஆபத்து.

எபேசு இருந்த ஆசியா நாட்டார் எல்லாரும் தன்னை விட்டு விலகிப்போனார்கள் என்று பவுல் எழுதுகிறார். பிகெல்லு, எர்மொகெனே என்று இரண்டு பேரைச் சொல்லியே எழுதுகிறார். கைகுட்டையைத் தேடி வந்தவர்கள் அநேகர். கைவிலங்கைத் தேடி வந்தவன் ஒருவன்!

அன்பான தேவபிள்ளைகளே, வல்லமை இருக்கிற இடத்தில் கூட்டம் சேருகிறது பெரிய காரியம் அல்ல. கண்ணீர் இருக்கிற இடத்தில் யார் நிற்கிறார்கள் என்பதில்தான் நம்முடைய உண்மைத்தன்மை தெரியும். ஒநேசிப்போரு செய்த மூன்று காரியங்களைப் பார்ப்போம்.

1. அவன் தேடிப்போனான்

ரோமாபுரி பல லட்சம் ஜனங்கள் நெருக்கமாக வாழ்ந்த பட்டணம். ஒநேசிப்போரு அங்கே அந்நியன். எந்தக் காவலில், எந்தச் சேவகனோடு பவுலைக் கட்டியிருக்கிறார்கள் என்று விசாரித்து விசாரித்து அலைந்திருக்கிறான். விசாரிக்கிறவன் மேலேயே சந்தேகம் வருகிற காலம் அது. “நான் வந்தேன், ஆள் கிடைக்கலை” என்று சொல்லி ஊர் திரும்பியிருந்தால் அவனை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவனோ கண்டுபிடிக்கும்வரை தேடினான்.

கஷ்டத்தில் இருக்கிறவர்கள் அநேகமாக நம்மைத் தேடி வரமாட்டார்கள். ஒளிந்துகொள்வார்கள். ஆராதனைக்கு மூன்று வாரம் ஒருத்தர் வரவில்லை என்றால், “பின்மாற்றத்தில் போய்ட்டாங்க போல” என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் கதையே வேறாக இருக்கும். தண்டல்காரன் வாசலில் நிற்கிறான் என்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார்கள். ஹார்பர் கான்ட்ராக்டில் வேலை போயிருக்கும். போட்டுக்கொண்டு வர நல்ல புடவை இல்லாமல் இருக்கும். டிபி என்று டாக்டர் சொன்னதை யாரிடமும் சொல்லாமல் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

காணாமற்போன ஆட்டின் உவமையில் மேய்ப்பன் தொழுவத்தில் உட்கார்ந்து ஆடு வரும் என்று காத்திருக்கவில்லை. காலில் முள் குத்தக் குத்தப் போனான். தேடுகிறது பாஸ்டருடைய வேலை மட்டும் என்று நினைக்காதீர்கள். நானும் பகலில் வேலைக்குப் போய், சாயங்காலம் வீடு சந்திக்கிறவன்தான். ஒரு ஆளாக எத்தனை படி ஏற முடியும்? உங்கள் தெருவில் இருக்கிற விசுவாசியை உங்களுக்குத்தான் முதலில் தெரியும்.

2. அவன் வெட்கப்படவில்லை

பாடுகளில் ஒரு வகை உண்டு, அதற்கு எல்லாரும் இரக்கப்படுவார்கள். புயல், விபத்து, மரணம். இன்னொரு வகை உண்டு, அதைக் கண்டால் ஜனங்கள் ஒதுங்கிப்போவார்கள். அதுதான் விலங்கு. தொட்டால் நமக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம், பக்கத்தில் நின்றால் நம்ம மானமும் போகுமோ என்ற கூச்சம்.

2020-ம் வருஷத்தை மறக்க முடியுமா? அந்த மே மாதத்தில் சென்னைப் பட்டணத்திலேயே கொரோனா அதிகம் இருந்தது நம்ம ராயபுரம் மண்டலத்தில்தான். தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்கள். வீட்டுக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அந்த வீட்டுப்பக்கம் பார்க்கவே பயந்தார்கள் ஜனங்கள்.

அதற்குச் சில வாரம் முன்னாலே, 2020 ஏப்ரல் 19 அன்று, டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் என்கிற நரம்பியல் அறுவைசிகிச்சை நிபுணர் கொரோனாவினால் மரித்தார். எத்தனையோ பேர் தலையைத் திறந்து உயிரைக் காப்பாற்றின கைகள் அவருடையவை. சரீரத்தைக் கீழ்ப்பாக்கத்தில் அடக்கம் பண்ணப் போனபோது எதிர்ப்பு வந்தது. அண்ணாநகர் வேலங்காடு மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு கூட்டம் கல்லாலும் கட்டையாலும் தாக்கினது. ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது, ஊழியர்களுக்கு இரத்தக்காயம். மனைவியும் மகனும்கூட அந்த இடத்தை விட்டுப் போகவேண்டியதாயிற்று. அடக்கம் பண்ணினால் மண் வழியாக நோய் பரவும் என்ற வதந்திதான் காரணம். அதில் உண்மை இல்லை.

அந்த இராத்திரியில் அவருடைய சிநேகிதர் டாக்டர் பிரதீப்குமார் என்ன செய்தார்? ஆம்புலன்ஸை ஓட்ட ஆள் இல்லை. அவரே ஓட்டிக்கொண்டு திரும்பப் போனார். மருத்துவமனை ஊழியர் இரண்டு பேர் துணை, போலீஸ் காவல். பெட்டியைக் குழியில் இறக்கி, தாங்களே மண்ணை அள்ளிப் போட்டு மூடினார்கள். எலும்பு முறிவுக்கு ஆபரேஷன் பண்ணுகிற கை, சிநேகிதனுக்கு மண் தள்ளினது. மரித்துப்போனவர் அதற்கு நன்றி சொல்லப்போகிறதில்லை. திரும்பி வீட்டுக்குப் போகும்போது தனக்கும் நோய் வருமோ என்பது அவருக்குத் தெரியாது. இருந்தாலும் போனார். ஒரு வாரத்துக்குள், ஏப்ரல் 26 அன்று, இப்படி அடக்கத்தைத் தடுக்கிறவர்களுக்கு மூன்று வருஷம் வரை சிறை என்று தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் போட்டது. சட்டம் பிறகு வந்தது. அன்பு அந்த இராத்திரியே போய்விட்டது.

இது நம்முடைய பிதாக்களுக்குப் புதிய காரியம் அல்ல. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சந்திரியா பட்டணத்தில் கொள்ளைநோய் வந்தபோது, சகோதரர்கள் வியாதிக்காரரை விட்டு ஓடாமல் பணிவிடை செய்து, அதே நோயில் தாங்களும் மரித்தார்கள் என்று அங்கே கண்காணியாயிருந்த தியோனிசியு எழுதிவைத்திருக்கிறார்.

இன்றைக்கு நம்ம மத்தியில் விலங்கு எது? ஒரு சகோதரியின் மகன் புழல் ஜெயிலில் இருந்தான். அந்தத் தாய் சபைக்கு வருகிறதையே நிறுத்திவிட்டார்கள். வந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களே! நம்ம சபையில் ஒரு வயதான ஆயா, எழுத்து தெரியாதவர்கள், அந்த வீட்டுக்குப் போய், “நீ எப்போ மனு பார்க்கப் போறம்மா? நானும் வரேன்” என்று சொன்னார்கள். வாராவாரம் இரண்டு பஸ் மாறிப் போனார்கள். ஆயாவை உள்ளே விடமாட்டார்கள். வெளியே பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். “உள்ள போவாட்டி இன்னா பாஸ்டர்? அவ வெளிய வரும்போது அழுவா. அப்போ ஒரு ஆள் வாணாமா?” என்றார்கள். அல்லேலூயா! வேதாகமக் கல்லூரியில் நான் படித்த எந்தப் பாடத்திலும் 2 தீமோத்தேயு 1:16-க்கு இவ்வளவு நல்ல விளக்கம் கேட்டதில்லை.

3. அவன் திரும்பத் திரும்ப வந்தான்

ஒருதரம் அல்ல, அநேகந்தரம் வந்து இளைப்பாற்றினான் என்கிறார் பவுல். கிரேக்க மூலத்தில் அந்த வார்த்தைக்குக் குளிர்ச்சி உண்டாக்குகிறது என்ற கருத்து உண்டு. வெக்கையில் புழுங்குகிறவனுக்கு விசிறி விடுகிறது மாதிரி. ஒருதரம் விசிறிவிட்டு நிறுத்தினால் அடுத்த நிமிஷமே வேர்க்கும். நம்ம ஊர்க்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டினது. மணலி தொழிற்சாலைப் பக்கமிருந்து வெள்ளத்தோடு கலந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தது. கொசஸ்தலை ஆற்றில் கறுப்பாய் எண்ணெய் மிதந்தது. காட்டுக்குப்பத்திலும் சுற்றி இருக்கிற குப்பங்களிலும் படகும் வலையும் பாழாய்ப்போனது. பெலிக்கான் பறவைகள் சிறகெல்லாம் எண்ணெயோடு நின்றதை நாம் கண்ணால் பார்த்தோம். மீன்பிடிக்கிறவர்களே மக்கும் வாளியுமாக எண்ணெயை அள்ளினார்கள். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதினபோதும் கரையில் இப்படித்தான் வாளியில் அள்ளினார்கள். ஏழு வருஷத்துக்குள் இரண்டுதரம்!

அந்த வேதனை ஆறுவதற்குள், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், டிசம்பர் 26 நடுராத்திரியில், பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகிற குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிச்சல், மூச்சுத்திணறல். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள்.

முதல் வாரம் எல்லாரும் வந்தார்கள். டிவி வந்தது, கட்சிக்காரர் வந்தார்கள், அரிசி மூட்டை வந்தது. எண்ணெயினால் பாதிக்கப்பட்ட மீனவர் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகு சரிபார்க்க 10,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அதற்கெல்லாம் ஸ்தோத்திரம். ஆனால் இரண்டாம் மாதம் யார் வந்தார்கள்? நாங்கள் சில சகோதரர்கள் சோப்புத்தூளும் பழைய சாக்குத் துணியும் எடுத்துக்கொண்டு ஒரு விசுவாசியின் படகைத் தேய்க்கப் போனபோது அவர் சொன்னார்: “எண்ணெ போயிடும் பாஸ்டர். எறா வருமா?” அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. தேய்த்துக்கொண்டே இருந்தோம். அடுத்த சனிக்கிழமையும் போனோம். அதற்கடுத்ததும் போனோம். பக்கத்துப் படகுக்காரர் நம்ம மார்க்கத்தார் அல்ல. அவர் படகையும் தேய்த்தோம். நோட்டீஸ் கொடுக்கவில்லை, பேர் எழுதி வாங்கவில்லை. நல்ல சமாரியன் அடிபட்டவனிடம் நீ எந்த ஆலயத்துக்குப் போகிறாய் என்று கேட்டானா?

சாக்குத் துணி என்றதும் எரேமியா 38-ம் அதிகாரம் ஞாபகம் வருகிறது. எரேமியாவைச் சேறு நிறைந்த துரவில் இறக்கிவிட்டார்கள். எத்தியோப்பியனாகிய எபெத்மெலேக் ராஜாவிடம் தைரியமாகப் பேசி, முப்பது ஆட்களோடு தூக்கிவிட வந்தான். கயிறு மட்டும் போட்டிருந்தால் போதாதா? அவன் கிழிந்த பழந்துணிகளைத் தேடி எடுத்து வந்து, அக்குளுக்குக் கீழே வைத்துக்கொள்ளும் ஐயா, கயிறு அறுக்காமல் இருக்கும் என்கிற விதமாய்ச் சொல்லி இறக்கினான். தூக்கிவிடும்போதும் வலிக்கக்கூடாது என்ற கரிசனை! உதவி செய்கிறேன் என்று பத்துப் பேர் முன்னால் ஒருத்தரை நிற்கவைத்துப் போட்டோ எடுக்கிறவர்கள் இந்தப் பழந்துணியைத் தியானிக்கவேண்டும்.

நம்ம ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பழைய ஆட்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்வார்கள், கேட்டிருப்பீர்கள். 1782-ல் பஞ்சம் வந்து ஜனங்கள் பட்டணத்துக்குள் வந்து விழுந்தபோது, இந்த ராயபுரத்துப் பக்கம் கஞ்சி ஊற்றின மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்து வந்ததுதான் அது. முதலில் கஞ்சி, பிறகு மருந்து, பிறகு ஆஸ்பத்திரி. ஒருநாள் ஊற்றி நிறுத்தியிருந்தால் இன்றைக்கு நம்ம பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்க இடம் ஏது? நிலைத்து நிற்கிற இரக்கம் இப்படித்தான் வளரும்.

வாயைக் காத்துக்கொள்ளவேண்டிய இடம்

இங்கே ஒரு எச்சரிப்பும் உண்டு. யோபுவின் சிநேகிதர் எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூன்று பேரும் தேடி வந்தார்கள், வெட்கப்படாமல் அவனோடுகூடத் தரையிலேயே உட்கார்ந்தார்கள், ஏழு நாள் இராப்பகல் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவரைக்கும் அவர்களைப்போல நல்ல சிநேகிதர் இல்லை! எட்டாம் நாள் விளக்கம் கொடுக்க ஆரம்பித்தார்கள். நீ பாவம் செய்திருப்பாய், உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள் என்றார்கள். முடிவில் தேவன் அவர்கள்மேல் கோபங்கொண்டார் (யோபு 42:7).

நாம் தெய்வீக சுகத்தை விசுவாசிக்கிறவர்கள். நானும் கைவைத்து ஜெபிக்கிறேன், சுகம் கிடைத்த சாட்சிகளைக் கேட்கிறேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சுகம் தாமதிக்கிற வீட்டில் போய், “உங்களுக்கு விசுவாசம் போதாது, ஏதோ மறைவான பாவம் இருக்கு” என்று சொல்ல நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? இதே நிருபத்தைக் கடைசிவரை வாசியுங்கள். 4:20-ல் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாய் விட்டுவந்தேன் என்கிறார் பவுல். துரோப்பீமு யார்? அவனும் எபேசியன் (அப். 21:29). எந்த ஊரில் உறுமால் போட்டதும் வியாதி போனதோ, அதே ஊர்க்காரன், பவுலின் கூடவே நடந்த ஊழியக்காரன், வியாதியாய்ப் படுத்திருக்கிறான். பவுல் அவன்மேல் ஒரு குற்றமும் எழுதவில்லை. சுகமானவனும் கர்த்தருடையவன். படுத்திருக்கிறவனும் கர்த்தருடையவன்.

ஆகவே துக்கவீட்டில் போய் எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லாதீர்கள். உட்காருங்கள். அவர்கள் அழுதால் அழுங்கள். ஜெபிக்கக் கேட்டால் சுருக்கமாக ஜெபியுங்கள். கேட்ட காரியத்தை வெளியே ஜெபக்குறிப்பு என்ற பேரில் பரப்பாதீர்கள்.

நமக்காக நின்றவர்

இவ்வளவும் செய்ய நமக்குப் பெலன் எங்கேயிருந்து வரும்? தன் முதல் விசாரணையில் ஒருவரும் கூட நிற்கவில்லை என்று பவுல் எழுதுகிறார். அடுத்த வசனத்திலேயே கர்த்தர் தனக்குத் துணையாய் நின்றதைச் சொல்கிறார். இதற்கெல்லாம் முன்னாலே கெத்செமனேயில் நம்முடைய ஆண்டவர், ஒரு மணி நேரம் விழித்திருக்கும்படி சிநேகிதரைக் கேட்டார். தூங்கிப்போனார்கள். பிடித்துக்கொண்டு போனபோது ஓடிப்போனார்கள். தனியாக விடப்படுகிறது என்ன என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் அவர் யாரையும் தனியாக விடுகிறதில்லை. காவலில் இருக்கிறவனைப் பார்த்தது என்னையே பார்த்தது என்று கணக்கு வைக்கிற ஆண்டவர் அவர் (மத். 25:36-40). அந்தப் புழல் வாசலில் பையோடு உட்கார்ந்திருந்த ஆயாவை அவர் பார்த்தார்.

இந்த மாதம் செய்யவேண்டியது

1. சபையிலோ தெருவிலோ மூன்று வாரமாகக் கண்ணில் படாத ஒரு ஆளை நினையுங்கள். போன் பண்ணிவிட்டு நிறுத்தாமல் வீட்டுக்குப் போங்கள்.
2. சகோதரிகள் இரண்டு பேராகச் சேர்ந்து போங்கள். வெறுங்கையாய்ப் போகாமல் அரைக்கிலோ அரிசியாவது, நாலு வாழைப்பழமாவது எடுத்துப்போங்கள்.
3. ஸ்டான்லியில் ஓ.பி. சீட்டுக்குக் காலையில் நிற்கவேண்டிய முதியவர் இருந்தால், ஒரு நாள் அவர் கூட நில்லுங்கள். எழுதத் தெரிந்த வாலிபர்கள் மனு எழுதிக்கொடுங்கள்.
4. துக்கம் நடந்த வீட்டுக்கு முப்பதாம் நாளிலும், மூன்றாம் மாதத்திலும் மறுபடி போகிறதற்கு காலண்டரில் இப்பொழுதே குறித்துவையுங்கள். எல்லாரும் போனபின் வருகிறவனைத்தான் அவர்கள் தேடுவார்கள்.

சிந்திக்க: எனக்குத் தெரிந்தவர்களில் யாருடைய விலங்கைக் கண்டு ஜனங்கள் ஒதுங்குகிறார்கள்? அந்த வீட்டு வாசற்படியை இந்த வாரம் யார் மிதிக்கப்போகிறார்கள்?

ஜெபம்: அன்பின் பரலோக பிதாவே, எங்களுக்குத் துணை நின்ற உம்முடைய குமாரனுக்காக ஸ்தோத்திரம். எங்கள் கால்களைத் தேடிப்போகிற கால்களாக்கும். எங்கள் முகத்திலிருந்து வெட்கத்தை எடுத்துப்போடும். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும் இந்த இராத்திரி தூங்காமல் அழுகிற வீடுகளைக் கண்ணோக்கும், எங்களை அங்கே அனுப்பும். இயேசுவின் நாமத்தில் ஜெபம் கேளும், எங்கள் நல்ல பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய ஊழியத்தில்,
உங்கள் சகோதரன்